புது ஆசிரியருக்குத் தன்னம்பிக்கை முதலில் வருமா, மாணவர்களின் மரியாதை முதலில் வருமா?

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன், உள்ளே நுழையும்போதே குரல் நடுங்குகிறது, பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், தன்னம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொள்வது, அவர்களிடம் மரியாதையை எப்படிப் பெறுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இன்னும் இரண்டு. ஸ்டாஃப் ரூமில் ஒருவர் "முதல் ஆறு மாசம் சிரிக்கவே சிரிக்காதீங்க" என்கிறார், இன்னொருவர் "ஃபிரெண்டு மாதிரி பழகுங்க" என்கிறார், யார் சொல்வது சரி? ஒன்பதாம் வகுப்பு ஏற்கெனவே கையை மீறிப் போய்விட்டது, அதை மீட்க முடியுமா? நான் புரிந்துகொண்ட வரையில் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். எனக்குத் தைரியம் வந்தால்தான் பிள்ளைகள் மதிப்பார்கள், அவர்கள் மதித்தால்தான் எனக்குத் தைரியம் வரும், அப்படியானால் எங்கே ஆரம்பிப்பது?

இரண்டிலும் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் பதில். ஒரு பீரியடை எப்படி நடத்துவது என்பதில் ஆரம்பியுங்கள். அது ஓரளவு பிடிபட்டால் மரியாதை பின்னால் வரும். தன்னம்பிக்கை அதற்கும் பின்னால், பெரும்பாலும் நீங்கள் கவனிக்காத நேரத்தில் வந்து சேர்ந்திருக்கும். நான் பல வருடங்கள் உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவன். இப்போது என் வேலையில் பாதி, புதிதாகச் சேர்ந்தவர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதும், பிறகு அவர்களோடு உட்கார்ந்து பேசுவதும். அதனால் நான் சொல்வது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தான் பொருந்தும். ஐந்து வயதுக் குழந்தைகள் முப்பது பேரை ஓர் இடத்தில் உட்காரவைக்கும் வித்தை எனக்குத் தெரியாது. அதைச் செய்பவர்களைப் பார்த்தால் பொறாமைதான் வருகிறது.

முதலில் பயம். இது உங்களுக்கு மட்டும் வந்த குறை இல்லை என்பது உறுதியாகவே தெரிந்த விஷயம். 1969இல் ஃபிரான்சஸ் ஃபுல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர், புதிதாக ஆசிரியர் வேலைக்கு வருபவர்களின் கவலைகள் ஒரு வரிசையில் நகர்கின்றன என்று எழுதினார். ஆரம்பத்தில் "என்னால் சமாளிக்க முடியுமா, என்னை ஏற்றுக்கொள்வார்களா" என்று தன்னைப் பற்றிய கவலைதான் முன்னே நிற்கும். "பிள்ளைகளுக்குப் புரிந்ததா" என்ற கவலை நிதானமாகத்தான் அந்த இடத்துக்கு வரும். 1984இல் சைமன் வீன்மன் என்ற டச்சு ஆய்வாளர் புது ஆசிரியர்களைப் பற்றிப் பல நாடுகளில் வந்திருந்த 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். அவர்கள் சொன்ன கஷ்டங்களின் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது வகுப்பை ஒழுங்காக வைத்திருப்பது. ஆக, நீங்கள் நிற்கிற வரிசை ரொம்ப நீளம்.

ஆனால் "கண்டுபிடித்துவிட்டார்கள்" என்கிறீர்களே, அங்கே எனக்குச் சந்தேகம். நம் மனதுக்குள் நடக்கும் படபடப்பு வெளியே தெரிவதாக நாம் நினைக்கும் அளவு வேறு, உண்மையில் தெரியும் அளவு வேறு. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசியவர்கள் தாங்கள் பதற்றமாகத் தெரிந்ததாகச் சொன்ன அளவுக்குக் கேட்டவர்களுக்கு அது தெரியவில்லை. இதில் எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. இந்த விஷயத்தை முன்கூட்டியே எடுத்துச் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். நீங்களும் இப்போது படித்துவிட்டீர்கள் அல்லவா, அது ஒரு லாபம். கடைசி பெஞ்சிலிருந்து பார்ப்பவனாக நானும் சொல்கிறேன்: குரல் நடுக்கம் அங்கே வந்து சேர்வதில்லை. வந்து சேர்வது வேறு. பாடப் புத்தகத்தில் பக்கத்தைத் தேடும் அந்த அரை நிமிடம், போர்டில் எழுதும்போது வகுப்புக்கு முழு முதுகையும் காட்டி நிற்பது, சொன்ன ஒரு கட்டளையை யாரும் செய்யாதபோது அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது. பிள்ளைகள் படிப்பது இவற்றைத்தான். இவை மூன்றும் பழக்கத்தில் சரியாகிவிடும் காரியங்கள். மனோதிடத்தோடு இவற்றுக்கு அவ்வளவு சம்பந்தமில்லை.

தன்னம்பிக்கையோடு பேசினால் பாடம் நன்றாகப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையும் நாம் நினைக்கிற அளவுக்கு நிற்கவில்லை. 2013இல் ஷானா கார்ப்பென்டரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். மூவண்ணப் பூனைகள் ஏன் அநேகமாக எல்லாம் பெண்ணாகவே இருக்கின்றன என்ற சின்னப் பாடம். ஒரு வீடியோவில் ஆசிரியை நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, தடங்கலில்லாமல் பேசுகிறார். இன்னொன்றில் அதே ஆசிரியை, அதே வார்த்தைகள், ஆனால் குனிந்து குறிப்பைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறார். முதல் வீடியோவைப் பார்த்த மாணவர்கள் தங்களுக்கு நிறைய நினைவிருக்கும் என்று சொன்னார்கள். பிறகு சோதித்தபோது இரண்டு கூட்டத்துக்கும் நினைவிருந்தது கிட்டத்தட்ட ஒரே அளவு. இதை வைத்துத் தடுமாற்றம் பரவாயில்லை என்று நான் சொல்லமாட்டேன். நளினி அம்பாடி, ராபர்ட் ரோசன்தால் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1993இல் காட்டியபடி, ஓர் ஆசிரியரின் சத்தமில்லாத, ஒரு நிமிடத்துக்கும் குறைவான வீடியோத் துண்டைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாதவர்கள் சொன்ன அபிப்பிராயம்கூட, அவரிடம் முழுப் பருவமும் படித்த மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணோடு பெருமளவு ஒத்துப்போகிறது. தோற்றத்துக்கு வலு உண்டு. ஆனால் அந்த ஆய்வுகள் ஒரு தடவை பார்த்த வீடியோவையும், கல்லூரி மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணையும் பற்றியவை. தினமும் உங்களோடு உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. என் அனுபவத்தில் தோற்றம் காப்பாற்றுவது முதல் சில நாட்களைத்தான். அதற்கப்புறம் "இவங்க வகுப்புல நமக்கு ஏதாவது புரியுதா, இவங்க சொன்னா சொன்னதுதானா" என்ற இரண்டு கணக்குதான் ஓடும்.

அப்படியானால் தைரியம் எப்படி வரும்? ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் சொன்ன விடை இன்றும் அசையாமல் நிற்கிறது. நம்மால் முடியும் என்ற எண்ணத்துக்கு மிக வலுவான ஊற்று, ஒரு காரியத்தை நாமே செய்து முடித்த அனுபவம். அடுத்தவர் செய்வதைப் பார்ப்பதும், யாராவது தட்டிக்கொடுப்பதும், உடம்பின் படபடப்பு அடங்குவதும் உதவும், ஆனால் அதற்குக் கீழேதான். கண்ணாடி முன் நின்று "நான் நல்ல ஆசிரியர்" என்று சொல்லிக்கொள்வதைவிட, ஒரு சின்னக் காரியம் தினமும் சரியாக நடக்கும்படி ஏற்பாடு செய்துகொள்வது மேல். அந்தச் சின்னக் காரியமாக பீரியடின் முதல் ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உள்ளே வரும்போது வாசலில் நில்லுங்கள், முடிந்தவரை பெயர் சொல்லி ஒரு வார்த்தை பேசுங்கள். போர்டில் ஏற்கெனவே ஒரு வேலை எழுதியிருக்கட்டும்: முந்தைய நாள் பாடத்திலிருந்து மூன்று சின்னக் கேள்விகள், நோட்டில் பதில் எழுத வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு ஓடுபவராக இருந்தால் கேள்விகளைச் சார்ட் பேப்பரில் எழுதிச் சுருட்டி எடுத்துப் போய் மாட்டிவிடுங்கள். கேள்விகள் சுலபமாக இருக்கட்டும். எழுத ஆரம்பிப்பதுதான் நோக்கம். அவர்கள் குனிந்து எழுதும் அந்த மூன்று நிமிடத்தில் நீங்கள் வருகைப் பதிவை முடித்து, மூச்சை இழுத்து விட்டு, வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். பேச்சைத் தொடங்கும்போது நீங்கள் அந்த அறையில் ஏற்கெனவே ஐந்து நிமிடம் வேலை பார்த்தவராக இருப்பீர்கள். குரலும் அதற்குள் தன் இடத்துக்கு வந்துவிடும்.

அடுத்தது ஒழுங்கு. இந்த விஷயத்தில் நான் அதிகம் நம்புவது ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த வேலையை. ஒரு நாள் அவர் வகுப்பில் ஒரு மாணவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். அவனைக் கண்டித்தபோது, மற்றவர்களின் நடத்தையும் மாறியதை அவர் கவனித்தார். கண்டிப்பது எப்படி என்பதை ஆராய்வதாகத்தான் ஆரம்பித்தார். ஏராளமான வகுப்புகளை வீடியோ எடுத்துப் பார்த்து 1970இல் வெளியிட்டபோது முடிவு வேறு பக்கம் போயிருந்தது. தப்பு நடந்த பிறகு ஆசிரியர்கள் கண்டித்த விதத்தில், நல்லபடியாக நடக்கும் வகுப்புக்கும் கலாட்டா வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தப்பு நடப்பதற்கு முன்னால் பாடம் எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்பதில்தான் வித்தியாசம். முதுகிலும் கண் இருக்கிற மாதிரி ஆசிரியர் எல்லாவற்றையும் கவனிப்பது, ஒரே சமயத்தில் இரண்டு விஷயங்களைச் சமாளிப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இழுவையில்லாமல் நகர்வது. அவர் பார்த்தது தொடக்க வகுப்புகளை. ஆனால் நான் பார்க்கும் உயர்நிலை வகுப்புகளிலும் இது அப்படியே இருக்கிறது.

நான் உட்கார்ந்து பார்த்த இரண்டு வகுப்புகளைச் சொல்கிறேன். ஒன்றில், மூன்றாவது வரிசையில் இரண்டு பையன்கள் மேசைக்குக் கீழே எதையோ கைமாற்றிச் சிரித்தார்கள். ஆசிரியர் பாடத்தை நிறுத்தினார். "யாரது? என்ன அங்கே?" "ஒண்ணுமில்ல சார்." "ஒண்ணுமில்லன்னா எதுக்குச் சிரிச்ச?" "நான் சிரிக்கல சார், இவன்தான்." "எழுந்திரு ரெண்டு பேரும்." இப்படியே விசாரணை போனது. அறை முழுவதும் திரும்பி உட்கார்ந்து ரசித்தது. முடிந்தபோது, பாடத்தில் சொல்லிக்கொண்டிருந்த விசை எந்தப் பக்கம் செயல்படுகிறது என்பது ஆசிரியருக்கே மறந்திருந்தது. இன்னொரு வகுப்பில் அதே மாதிரி ஒரு சிரிப்பு. ஆசிரியை பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை நிறுத்தவில்லை. பேசியபடியே அந்த மேசைக்கு நடந்து போனார், அவன் புத்தகத்தில் இருந்த படத்தின் மேல் விரலை வைத்தார். "இந்த அம்புக்குறி எந்தப் பக்கம்ப்பா போகுது?" அவன் பார்த்து, "கீழ" என்றான். "ஆமா, கீழ. ஏன் கீழன்னு இப்பப் பார்ப்போம்" என்றபடி போர்டுக்குத் திரும்பிவிட்டார். மேசைக்கடியில் இருந்தது என்ன என்று அவர் கேட்கவே இல்லை. முன் வரிசையில் இருந்தவர்களுக்கு ஏதோ நடந்தது என்றே தெரிந்திருக்காது. இவ்வளவு லாகவம் முதல் மாதத்தில் வராது. ஆனால் நடப்பது வரும். பேசும்போது அறைக்குள் நடந்துகொண்டே இருங்கள், மேசைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளாதீர்கள். பாதித் தொல்லை அதிலேயே குறையும்.

இரைச்சல் கிளம்பும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். பாடம் சுவாரசியமாக ஓடும்போது அது வராது. நோட்டைக் கொடுக்கும்போது, குழுவாகப் பிரியும்போது, ஒரு கணக்கு முடிந்து அடுத்ததற்குப் போகும்போது, அதாவது ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் நடுவில்தான் வரும். பாடக்குறிப்பு எழுதும்போது உள்ளடக்கத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் கொஞ்சத்தை இந்த இடைவெளிகளுக்குக் கொடுங்கள். "நோட்டை யார் கொடுப்பது, எந்த வரிசையிலிருந்து, கொடுக்கும்போது மற்றவர்கள் என்ன செய்வார்கள்" என்று எழுதியே வைத்துக்கொள்ளலாம். கட்டளை கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. எல்லாரும் அமைதியான பிறகுதான் சொல்ல வேண்டும், சின்னதாகச் சொல்ல வேண்டும், சொன்னபின் வாயை மூடிக்கொண்டு நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதியவர்கள் இரைச்சலுக்கு மேலே கத்துகிறார்கள். கத்தினால் குரல் மெலிந்து கீச்சிடும், தொண்டையும் கட்டும், பிள்ளைகளும் அதற்கு மேல் பேசக் கற்றுக்கொள்வார்கள். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். அந்தச் சில விநாடி உங்களுக்கு யுகமாகத் தெரியும், அவர்களுக்கு அப்படித் தெரியாது.

காத்திருப்பது கேள்வி கேட்பதிலும் பயன்படும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு நீட்டியபோது பதில்கள் நீளமாயின, கேட்காமலே பதில் சொல்பவர்கள் கூடினார்கள், பதிலே வராத சமயங்கள் குறைந்தன. மரியாதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தன் பதிலுக்காக ஓர் ஆள் பொறுமையாக நிற்கிறார் என்பதை அந்த வயதுப் பிள்ளை சட்டென்று புரிந்துகொள்கிறது என்பது என் கணிப்பு. ஆய்வு அந்த அளவுக்குச் சொல்லவில்லை.

தண்டனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள், சொன்னதைச் செய்யாமல் விடாதீர்கள். அது மிகச் சிறியதாக இருந்தால் போதும்: பீரியட் முடிந்து ஒரு நிமிடம் நின்று பேசிவிட்டுப் போவது, இடம் மாறி உட்காருவது. ஆட்ட நடுவர் அட்டையைக் காட்டும்போது கோபப்படுவதில்லை, காட்டிவிட்டு விளையாட்டைத் தொடரச் சொல்கிறார், அந்த முகம் போதும். ஒருவன் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் தண்டிப்பது, மதிப்பெண்ணை வைத்தோ உருவத்தை வைத்தோ கிண்டல் செய்வது, இந்த இரண்டும் ஒரே நாளில் உங்கள் பக்கம் இருந்த நல்ல பிள்ளைகளையும் அந்தப் பக்கம் அனுப்பிவிடும். கிண்டலுக்கு அன்றைக்குச் சிரிப்பு கிடைக்கும் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குரல் நடுக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் அந்தப் பயம்தான் இருக்கும். "நல்ல கேள்வி, எனக்கு உறுதியாத் தெரியல, பார்த்துட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்று சொல்லிப் போர்டின் ஓரத்தில் எழுதிவையுங்கள். வெள்ளிக்கிழமை, யாரும் கேட்பதற்கு முன்னால், நீங்களே சொல்லுங்கள். தெரியவில்லை என்று சொன்னதற்காக எந்த வகுப்பும் ஆசிரியரைக் கைவிட்டு நான் பார்த்ததில்லை. சமாளித்துச் சொன்ன தவறான பதில் பிடிபட்டபோது பார்த்திருக்கிறேன்.

சரி, சிரிப்பதா வேண்டாமா? சிரிக்காதே என்பது பல நாட்டு ஸ்டாஃப் ரூம்களில் உலவும் அறிவுரைதான், ஆங்கிலம் பேசும் ஊர்களில் கிறிஸ்துமஸ் வரை சிரிக்காதே என்பார்கள். அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ஆரம்பத்தில் இறுக்கமாக வைத்துப் பிறகு தளர்த்துவது சுலபம், தளர்வாக விட்டதைப் பிறகு இறுக்குவது கஷ்டம். ஆனால் இறுக்க வேண்டியது விதிகளை, முகத்தை அல்ல. விதியில் பிடிவாதமும் பேச்சில் இனிமையும் ஒரே ஆளிடம் இருக்கலாம், நல்ல ஆசிரியர்கள் பலரிடம் இருக்கிறது. நண்பன் மாதிரி என்பதில் எனக்கு அதிக எச்சரிக்கை உண்டு. நீங்கள் நாளைக்கு அவன் தேர்வுத் தாளைத் திருத்தப் போகிறவர். அவன் சண்டைகளில் பக்கம் சாராமல் நிற்க வேண்டியவர். அவனுக்கு நண்பர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், நோட்டைச் சொன்ன நாளில் திருத்திக் கொடுங்கள், அவன் கேட்கும் கேள்வியை முழுசாகக் கேளுங்கள். அந்த வயதில் நெருக்கம் என்று அவர்கள் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். உங்கள் சுபாவம் கலகலப்பா அமைதியா என்பது பெரிய விஷயமில்லை, இரண்டு வகையிலும் வெற்றி பெற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கையை மீறிப்போன ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறேன். மீட்கலாம், ஆனால் புது வகுப்பைத் தொடங்குவதைவிடக் கூடுதல் நாள் பிடிக்கும். ஒரு விடுமுறைக்குப் பிறகு வரும் முதல் பீரியடைத் தேர்ந்தெடுங்கள். புது இருக்கை வரைபடம் ஒன்றைத் தயாராகப் போட்டு வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்புங்கள். உள்ளே போனதும் போர்டில் வேலை. அறிவுரைப் பேச்சு வேண்டாம், பழைய கதையைக் கிளற வேண்டாம். "இனிமே ரெண்டே விஷயம். உள்ள வந்ததும் போர்டுல இருக்கிறத எழுத ஆரம்பிக்கணும். ஒருத்தர் பேசும்போது மத்தவங்க பேசக் கூடாது." இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துப் பாடத்துக்குப் போய்விடுங்கள். பத்து விதி போட்டால் பத்தையும் காவல் காக்க வேண்டிவரும். சில நாளில் யாராவது ஒருவர் சோதித்துப் பார்ப்பார், அந்தச் சமயம் நிலைமை முன்னைவிட மோசமானதுபோலக்கூடத் தோன்றும். அந்த வாரத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த வகுப்பை ஆட்டுவிக்கும் இரண்டு மூன்று பேர் யார் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அவர்களை வகுப்பில் வைத்து மடக்காதீர்கள், பார்வையாளர்கள் இருக்கும் வரை அவர்களால் பின்வாங்க முடியாது. வராந்தாவில் தனியாக, ஒவ்வொருவராக, அரை நிமிடம் பேசுங்கள்: என்ன நடந்தது, நாளைக்கு என்ன வேண்டும், அவ்வளவு. மிரட்டல், ஆபாசப் பேச்சு, அடிதடி என்று போயிருந்தால் அதை வகுப்பு நடத்தும் திறமையோடு முடிச்சுப் போடாதீர்கள். அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

ஒரு மாதம் இப்படிச் செய்தும் அசைவில்லை என்றால், நீங்கள் நம்பும் மூத்தவர் ஒருவரை ஒரு பீரியட் வந்து உட்காரச் சொல்லுங்கள். "எப்படி இருந்தது" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் ஒரே ஒரு வேலை கொடுங்கள்: நான் ஒரு கட்டளையைச் சொல்லி, அது நடக்காமலேயே அடுத்ததற்குப் போனது எத்தனை தடவை என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். அந்தக் கோடுகளை அடுத்த வாரம் இன்னொரு முறை போடச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வகுப்பில் எத்தனை பேர், உங்கள் பீரியட் காலையிலா சாப்பாட்டுக்கு அப்புறமா என்று சொன்னால், இருக்கை வரைபடத்தைப் பற்றி இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.